வீணை ப்ரீஆம்ப் பெட்டிக்கு எந்த பவர் சாக்கெட் வைப்பது?

தஞ்சைக்கம்பி:
அக்காவின் வீணைக்கு ஒரு சின்ன ப்ரீஆம்ப் (மிக்ஸருக்குப் போகுமுன் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி) செய்துகொண்டிருக்கிறேன். குடத்தின் மேல்பலகையில் பீசோ வட்டு (அதிர்வை மின் சிக்னலாக்கும் தகடு) ஒட்டியிருக்கிறது, அங்கிருந்து சிக்னலைப் பெருக்கும் டி.எல். 072 ஐ.சி., அப்புறம் கால் இஞ்ச் ஜாக் வழியாக மிக்ஸருக்கு. அலுமினியப் பெட்டி. 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் கேட்டேன், அனுமந்தரம் தந்தி வரை சுத்தமாக வருகிறது. ஆனால் கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று அக்காவுக்குப் பயம், அதனால் அடாப்டரிலும் ஓட வேண்டும். வீட்டில் 3.5 மி.மீ. மோனோ சாக்கெட் நாலைந்து கிடக்கின்றன. அதையே பவருக்கு வைத்துவிடலாமா? இல்லை, டைப்-சியா, ரௌட்டர் அடாப்டரில் வரும் உருண்டைப் பின்னா?

சால்டர்வாசம்:
3.5 வேண்டவே வேண்டாம். அந்தப் பின்னைச் செருகும்போது அதன் நுனி சாக்கெட்டின் கிரவுண்ட் வளையத்தை உரசிக்கொண்டுதான் உள்ளே போகும், அந்த ஒரு நொடி அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாகிவிடும். அதோடு, பாட்டுப் பெட்டியில் அந்தத் துளையைப் பார்க்கிற யாரும் அதில் ஹெட்போனைத்தான் செருகுவார்கள்.

உருண்டைப் பின்னே போதும், ஆனால் அதில் இரண்டு அளவு உண்டு. வெளி விட்டம் இரண்டிலும் 5.5 மி.மீ., உள் துளை ஒன்றில் 2.1, மற்றதில் 2.5. கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். 2.1 சாக்கெட்டில் 2.5 பிளக் உள்ளே போகும், ஆனால் நடுப்பின்னைச் சரியாகப் பிடிக்காது, கம்பியைத் தொட்டாலே கரகர சத்தம்தான். 2.5 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பகுதியைப் பிளக் துளையில் வைத்துப் பாருங்கள், நுழையாவிட்டால் அது 2.1. ரௌட்டர் அடாப்டர்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் 2.1, நடுவில் பிளஸ். மண்டபத்தில் அவசரத்துக்குக் கைக்கு அகப்படுவதும் அதுதான், அதனால் அதற்கே செய்யுங்கள்.

நள்ளிரவுரேடியோ:
இந்தக் காலத்தில் டைப்-சி வைக்காமல் இருக்கலாமா? எல்லார் பையிலும் சார்ஜர் இருக்கிறதே.

பழையவால்வு:
டைப்-சி சாக்கெட்டில், கருவி செருகியிருப்பதைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் இரண்டு சி.சி. கால்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போட வேண்டும். போடாவிட்டால் இரு பக்கமும் சி உள்ள கேபிளில் கரண்டே வராது. போட்டாலும் கிடைப்பது 5 வோல்ட், டி.எல். 072க்கு அது போதாது. ஏற்றிக்கொடுக்கிற பூஸ்ட் போர்டு வைத்தால் அதன் சுவிட்சிங் இரைச்சல் பீசோ பக்கத்தில் நுழைந்துவிடும். இந்தப் பெட்டிக்கு அது ஒத்துவராது.

தம்பி, உங்கள் அக்காவின் பயத்துக்கே முதலில் வருகிறேன். அந்த ஐ.சி. இழுப்பது மொத்தம் 3 மில்லி ஆம்பியர் சுற்றித்தான். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி 500 மில்லி ஆம்பியர் மணி அளவு தரும். அடிமட்டம் வரை உறிஞ்சாமல் விட்டாலும் நூறு மணி நேரத்தை ஒட்டி ஓடும், மூன்று மணி நேரக் கச்சேரி என்றால் முப்பது கச்சேரி. பெட்டியில் எல்.ஈ.டி. வைத்திருந்தால் பாருங்கள், ஐ.சி.யைவிட அதுதான் அதிகம் தின்னும். அதற்கு 10 கிலோ ஓம் போட்டு மங்கலாக எரிய விடுங்கள். பேட்டரியே முதல், அடாப்டர் கைகாவலுக்கு மட்டும்.

பேட்டரி வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் அணைக்க மறப்பதுதான். அவுட்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் போட்டு, மைனஸை அதன் ரிங் (நடு வளையம்) காலில் கொடுங்கள். மோனோ கேபிள் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் (கிரவுண்டான அடிப்பகுதி) சேர்ந்து பெட்டி உயிர்பெறும், உருவினால் அணையும். அந்த உருண்டைப் பின்னுக்கான டி.சி. சாக்கெட் மூன்று கால் உள்ளதாக வாங்குங்கள். பேட்டரி மைனஸ் சுவிட்ச் காலுக்கு, வெளிச்சுற்றுக் கால் ஜாக்கின் ரிங்குக்கு, நடுக்கால் பிளஸ். அடாப்டர் பிளக் உள்ளே போனதும் பேட்டரி தானாகக் கழன்றுவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சாக்கெட் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக இருக்க வேண்டும். உலோக உடம்பு என்றால் அதன் வெளிச்சுற்று அலுமினியப் பெட்டியைத் தொட்டு, பெட்டி வழியாக ஆடியோ கிரவுண்டோடு சேர்ந்துவிடும். ரிங்கில் செய்த வேலை அத்தனையும் போச்சு, பேட்டரி இரவும் பகலும் வடிந்துகொண்டே இருக்கும். நான் அப்படி ஒரு பெட்டியைச் செய்து, இரண்டு வாரத்தில் மூன்று பேட்டரி மாற்றிய பிறகுதான் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

சால்டர்வாசம்:
இன்னொன்று. கிட்டார் பெடல் அடாப்டர்களில் நடுவில் மைனஸ், அளவு மட்டும் அதே 2.1. வாத்தியக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது அதைக் கொண்டுவந்து செருகத்தான் செய்வார்கள். பிளஸ்ஸில் ஒரு 1என் 5819 டயோடு தொடராகப் போட்டுவிட்டால் பெட்டி ஓடாது, அவ்வளவுதான், ஐ.சி. பிழைக்கும். அதற்குப் பின்னால் 100 ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அந்தக் கெபாசிட்டர் 25 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், 16 வோல்ட் போட்டுவிட்டு யாராவது 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் வெடிக்கும்.

தஞ்சைக்கம்பி:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். நேற்று கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது உலோக உடம்புதான், திருப்பிக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் வாங்கினேன். டயோடு போட்டாயிற்று. கேபிளை உருவிவிட்டு பேட்டரிக் கம்பியில் மீட்டர் வைத்தேன், பூஜ்யம் காட்டுகிறது. பெட்டியின் மூடிக்குள் "12 வோல்ட், நடுவில் பிளஸ்" என்று எழுதி ஒட்டினேன். அதை வெளியே ஒட்டு, உள்ளே ஒட்டினால் மண்டபத்தில் யார் திறந்து பார்ப்பார்கள் என்று அக்கா கேட்டாள். மாற்றிவிட்டேன்.