மண்ணில் விழுந்து மீண்டும் பொருத்தப்பட்ட முன்பல்லுக்கு ரூட் கேனால் அவசியமா?

கேள்வி (அறந்தாங்கியிலிருந்து ஒரு தாய்):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது. சென்ற வாரம் பள்ளி மைதானத்தில் கபடி ஆடும்போது மற்றொரு மாணவனின் முழங்கை பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. ஆசிரியர் அதைத் தேடியெடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். நாங்கள் பல் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பல்லைச் சுத்தம் செய்து குழியில் பொருத்தி, இரு பக்கத்துப் பற்களோடும் மெல்லிய கம்பியால் இணைத்து ஒட்டியிருக்கிறார். இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்துவிடலாம் என்றும், அதற்குள் ரூட் கேனால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் கூறுகிறார். இப்போது வலி இல்லை, பல்லும் ஆடவில்லை. நன்றாகப் பொருந்திவிட்ட பல்லின் நரம்பை ஏன் எடுக்க வேண்டும்? கை முறிந்தால் பல வாரம் கட்டுப் போடுகிறார்களே, பல்லுக்கு மட்டும் இரண்டு வாரம் போதுமா? வீட்டில் மூன்று வயது மகளும் இருக்கிறாள். அவளுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் (குழந்தைகள் பல் மருத்துவர், திருச்சி):

வணக்கம் அம்மா. உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் செல்கிறார். ரூட் கேனாலைத் தள்ளிப்போட வேண்டாம். பல் வேரோடு கழன்றபோது, வேர் நுனி வழியாக உள்ளே செல்லும் இரத்தக் குழாய்கள் அறுந்துவிட்டன. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு வேர் நுனி இன்னும் திறந்திருப்பதால், பல்லை உடனே பொருத்தினால் உள்ளே மீண்டும் இரத்த ஓட்டம் வருவதற்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. பதினொரு வயதில் முன்பல்லின் வேர் பெரும்பாலும் முழுமையாக வளர்ந்து நுனி மூடியிருக்கும் என்பதால் அந்த வாய்ப்பு இல்லை. உயிரிழந்த உள்திசு அப்படியே இருந்தால் அதில் கிருமி சேர்ந்து, வெளியே எந்த வலியும் தெரியாமல் வேரை அரித்துவிடும். எக்ஸ்ரேயில் அது தெரியவரும்போது பாதி வேர் கரைந்திருக்கலாம். அதனால் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கம்பியைப் பொறுத்தவரை, பல்லும் எலும்பும் ஒன்றோடொன்று நேரடியாக ஒட்டியிருப்பவை அல்ல. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பல் இயல்பாக மிக இலேசாக அசைவது அதனால்தான். அந்த அசைவு குணமாவதற்கும் தேவை என்பதால், வளையக்கூடிய மெல்லிய கம்பியை இரண்டு வாரத்துக்கு மட்டும் போடுகிறோம். பல்லோடு சேர்ந்து தாடை எலும்பும் உடைந்திருந்தால்தான் கூடுதல் நாட்கள் தேவைப்படும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேரைச் சுற்றியிருந்த சவ்வின் உயிரணுக்கள் வறண்ட நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிழைப்பது அரிது. எனவே உங்கள் மகனின் பல், வருங்காலத்தில் எலும்போடு இறுகி ஒட்டிக்கொள்ளவும், எலும்பு மெல்ல மெல்ல வேரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். வாய்க்குள் பார்க்க நாங்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கும்போது, பக்கத்துப் பல் மந்தமாகவும் இப்படி ஒட்டிய பல் உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்றும் ஒலிக்கும். அப்படியிருந்தும் பொருத்தியது சரியே. வளரும் வயதில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க இயலாது. இந்தப் பல் சில ஆண்டுகள் நின்றாலும் அந்த இடத்தின் எலும்பைக் காத்துக் கொடுக்கும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பால்பல் வேரோடு விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளை சேதமடையக்கூடும். இரத்தத்தை நிறுத்திவிட்டு, பல் முழுதாக வெளியே வந்துவிட்டதா, ஈறுக்குள் புதைந்துவிட்டதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் (உடற்கல்வி ஆசிரியர், மதுரை மாவட்டம்):

மைதானத்தில் உடனிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பால்பல் விழுந்தால் கூரைமேல் எறிந்து பழகிய நம்மவர்களில் பலர், நிரந்தரப் பல் விழுந்தாலும் இனிப் பயனில்லை என்று கருதி அதைத் தேடுவதே இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முன்பல் விழுந்தால் முதலில் பல்லைத் தேடச் சொல்லுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேற்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். வேரைத் தொடவோ துணியால் துடைக்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ ஒருமுறை மெல்ல அலசி, அது நிரந்தரப் பல் என்பது உறுதியானால் அங்கேயே குழியில் வைத்து, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். பிள்ளை பயந்து அழுதால் வற்புறுத்தாமல், காய்ச்சி ஆறிய பாலிலோ குளிர்ந்த பாக்கெட் பாலிலோ பல்லைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை சேர்த்த பாலும் மோரும் வேண்டாம். எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரரிடம் இதற்கென்று முன்பே சொல்லி வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்கு நினைவு தப்பியிருந்தாலோ வாந்தி வந்தாலோ, பல்லைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ரூட் கேனாலுக்கு நாளையே நேரம் வாங்கிவிடுகிறேன். பாலுக்குப் பதில் இளநீர் நல்லது என்று உறவினர் ஒருவர் கூறினார், அது சரியா? மேலும் எவ்வளவு காலம் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும்?

பதில் (குழந்தைகள் பல் மருத்துவர், திருச்சி):

இளநீரை ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது சற்று அமிலத்தன்மை கொண்டது. பால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் பிள்ளையின் உமிழ்நீரைச் சேர்த்து அதில் பல்லை வைக்கலாம். தண்ணீர் கடைசி வழி. இருந்தாலும் காய விடுவதைவிடத் தண்ணீர் மேல்.

முதல் இரண்டு வாரம் மென்மையான உணவு, மென்மையான பிரஷ், காலையும் இரவும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் கொப்பளிப்பு ஆகியவை போதும். பல் மண்ணில் விழுந்ததால், டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதை இன்றே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு ஆகிய காலங்களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அதன்பின் குறைந்தது ஐந்தாண்டு வரை ஆண்டுக்கொரு முறை காட்ட வேண்டும். செலவைக் குறித்த கவலை இருந்தால், 2023-இல் புதுக்கோட்டையில் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. எங்கே காட்டினாலும் முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயையும், பல் எத்தனை நேரம் வெளியே இருந்தது என்ற குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.