ஸ்டைரீனும் ஆர்த்தோ சைலீனும்: தட்டைக் கூட்டினால் பிரியுமா?

கேள்வி: கடைசி வருட கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்

நாப்தா கிராக்கரில் எத்திலீனோடு சேர்ந்து வரும் பைகேஸ் என்ற திரவத்திலிருந்து ஸ்டைரீனைத் தனியாக எடுப்பதுதான் என் புராஜெக்ட். சி8 (எட்டு கார்பன் உள்ள) பகுதியை வெட்டி எடுக்கும்வரை சிமுலேஷன் ஒழுங்காக ஓடியது. ஆனால் ஆர்த்தோ சைலீன் கொதிப்பது 144.4 டிகிரியில், ஸ்டைரீன் 145.2. காய்ச்சி வடிக்கும் டவருக்குள் நூறு தட்டு போட்டும் பிரியவில்லை. இருநூறு போடலாமா?

பதில்: ஷிப்ட் இன்சார்ஜ், ஜூரோங் தீவு

தம்பி, தட்டைக் கூட்டாதீங்க. மேலே எவ்வளவு வேக்குவம் இழுத்தாலும் தட்டு கூடக் கூட அடியில் பிரஷர் ஏறும், கூடவே சூடும் ஏறும். சூடு ஏறினால் ஸ்டைரீன் டவருக்குள்ளேயே பாலிஸ்டைரீன் ஆகிவிடும்.

நான் எத்தில்பென்சீனிலிருந்து ஸ்டைரீன் செய்யும் பிளான்டில் இருந்தவன். அந்த இரண்டுக்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம், அதையே பயந்து பயந்துதான் ஓட்டுவோம். ஒரு ராத்திரி, ஸ்டைரீன் பாலிமர் ஆகாமல் தடுக்கும் மருந்தை (இன்ஹிபிட்டர்) விடும் பம்ப் காற்றுப் பிடித்து நின்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. விடியற்காலை ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து, டவரின் அடி சாம்பிளில் கண்ணாடிக் குச்சியை விட்டுத் தூக்கினேன். அதிரசப் பாகு மாதிரி கம்பி இழுத்தது. டவரின் அடியைச் சூடேற்றும் ரீபாய்லரைத் திறந்தபோது பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. வாட்டர் ஜெட்டுக்கு அசையாத குழாய்களை டிரில் போட்டுத்தான் குடைந்தோம்.

உங்களுக்கு வேண்டியது கரைப்பான். ஸ்டைரீனில் ஒரு இரட்டைப் பிணைப்பு கூடுதலாக இருப்பதால், போலார் கரைப்பானுக்கு அதன்மேல் பிடிப்பு அதிகம். மேலிருந்து விட்டால் அது ஸ்டைரீனைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும், சைலீன்கள் மேலே போய்விடும். சல்ஃபோலேன் என்ற கரைப்பானை வைத்து பென்சீன், டொலுயின் எடுப்பதும் இதே வித்தைதான்.

பல இடங்களில் பைகேஸை நேரே ஹைட்ரஜனேற்றத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஹைட்ரஜனையும் செலவழித்து, கைக்கு வந்த ஸ்டைரீனை எத்தில்பென்சீனாக்குகிறோம் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. விடாமல் செய்யுங்க.

பதில்: லேப் கெமிஸ்ட்

ஃபினைல் அசிட்டிலீனையும் பாருங்க. அதில் முப்பிணைப்பு இருப்பதால் கரைப்பான் அதையும் ஸ்டைரீனோடு சேர்த்து இழுத்துவரும். சி8 பகுதிக்கு முதலில் அளவாக ஹைட்ரஜன் ஏற்றி அதை மட்டும் தீர்த்துவிடணும். கொஞ்சம் கூடினாலும் ஸ்டைரீனும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். இன்ஹிபிட்டராக டிபிசி (டெர்ட்-பியூட்டைல் கேட்டகால்) வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: ஷிப்ட் இன்சார்ஜ், ஜூரோங் தீவு

போதாது. டிபிசி வேலை செய்ய ஸ்டைரீனில் ஆக்சிஜன் கரைந்திருக்கணும். அது டேங்குக்கான மருந்து, 10-15 பிபிஎம் போட்டு வைப்போம். வேக்குவம் டவருக்குள் ஆக்சிஜன் ஏது? அங்கே டைநைட்ரோ ஃபீனால் வகை போடுவார்கள். கொடிய விஷம், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ரிப்போர்ட்டில் அதையும் எழுதுங்க. அடியில் சரக்கு எத்தனை நிமிஷம் சூட்டில் நிற்கிறது என்ற கணக்கையும் போட்டு இங்கே காட்டுங்க, பார்த்துச் சொல்கிறேன்.