சுங்கை சிப்புட் வீடுகளில் கரப்பான்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லயத்துப் பேத்தி:
மூன்று மாதமாகியும் மனம் ஆறவில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்த மாப்பிள்ளையின் அம்மா, கிளாஸ் வைக்க இடமில்லாமல் ரைஸ் குக்கரைச் சற்று நகர்த்தினார். அடியிலிருந்து சின்னப் பழுப்புக் கரப்பான்கள் குஞ்சும் குளுவானுமாகச் சிதறின. ஒன்று அவர் வளையலில் ஏறியது. அவர் கத்தவில்லை. கையை உதறிவிட்டு, குக்கரைப் பழைய இடத்துக்கே மெதுவாகத் தள்ளி வைத்தார். அந்த மெதுவுதான் உறுத்துகிறது. (சம்பந்தம் கூடிவிட்டது.)

செம்பனைக்காரன்:
எங்கள் தோட்ட வீட்டில் பெரிய செங்கரப்பான்தான். இரவு 2 மணிக்குக் குளியலறைத் துளையில் இரண்டு மீசை மட்டும் நீண்டு ஆடும். வெந்நீர் ஊற்றினேன்; மறுநாள் வேறு மீசை. கடைசியில் பாட்டி சொன்னபடி, சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை முடிந்து வைத்தேன். இப்போது ஒன்றுமில்லை.

பழைய டாக்சிக்காரர்:
பாண்டான் இலையா, தம்பி? என் டாக்சியின் பின்கண்ணாடி ஓரம் வாரந்தோறும் வைத்தேன். ஒருநாள் அந்த இலைமேலேயே ஒன்று உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருந்தது!

நீங்கள் இருவரும் சொல்வது வெவ்வேறு பூச்சி. கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள சின்னது ஜெர்மன் கரப்பான்; பழைய சாமான், அட்டைப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்து குடியேறும். தாய் 30, 40 முட்டை கொண்ட பையைப் பொரியும் தறுவாய்வரை வாலில் சுமக்கும். மருந்தடித்தாலும் பைக்குள் இறங்காது. அதனால்தான் அடுத்த மாதமே குஞ்சுகள். அதற்கு ஜெல் மருந்துதான். அலமாரிக் கீல், குளிர்பெட்டியின் பின்புறம் என்று சிறு பொட்டுகளாக வையுங்கள். அதன்மேல் ஸ்பிரே அடித்தால் வாய் வைக்காது. போரிக் பவுடர் என்றால் மெல்லிய படலம் போதும், குவித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. பெரியது சாக்கடைவாசி. துளைக்குச் சன்ன வலை போடுங்கள், வெந்நீர் வீண். இரவில் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், குப்பையை...

லயத்துப் பேத்தி:
ஐயா, அது எந்த நாட்டுக்காரன் என்று நான் கேட்கவில்லையே! ஆனாலும் ஜெல் வாங்கிவிட்டேன்.

சென்ற வாரம் பரிசம் போட வந்தார்கள். தட்டு வரிசையோடு ஒரு புது ரைஸ் குக்கரும் வந்தது. அம்மா இன்னும் அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை.