போல்ட் இட்டாலிக் ஃபான்ட் ஒண்ணு சொல்லுங்க ப்ளீஸ்

மக்களே ஒரு ஹெல்ப். ஓட்டப்பந்தயத்துக்கு போஸ்டர் பண்ணிட்டு இருக்கேன், தலைப்புக்கு போல்ட் இட்டாலிக் (தடிச்சு சாஞ்ச எழுத்து) சான்ஸ் செரிஃப் (எழுத்து முனையில சின்ன கோடு இல்லாதது) தான் வேணும், அந்த சாய்வுலயே ஒரு வேகம் தெரியும்ல, அதுக்காகத்தான். பிரச்சனை என்னன்னா என்கிட்ட இருக்கற ஃபான்ட்ல போல்ட் மட்டும்தான் இருக்கு, சரின்னு சாஃப்ட்வேர்லயே இட்டாலிக் பட்டனை அமுக்கினா இங்கிலீஷ் 'ஓ' எழுத்து யாரோ பிடிச்சு தள்ளின மாதிரி வருது, மேல வலது பக்கமும் கீழ இடது பக்கமும் தடிச்சு, எதிர் ரெண்டு மூலையும் மெலிஞ்சு போகுது. போல்ட்ல இது இன்னும் அசிங்கமா தெரியுது 😩

ஹெல்வெட்டிகா ஃபான்ட் பாத்தேன், நேர் எழுத்தையே 12 டிகிரி சாச்சு வளைவை மட்டும் சரி பண்ணிருக்காங்க, நீட்டா இருக்கு. கில் சான்ஸ்ல அப்படி இல்ல, சின்ன 'ஏ' உருவமே மாறி கையெழுத்து சாயல் வந்துடுது, அழகுதான் ஆனா வேகம் இல்லன்னு எனக்கு தோணுது. யூனிவர்ஸ் 66 (யூனிவர்ஸ் ஃபான்ட்டோட போல்ட் சாய்வு எழுத்து) யாராவது யூஸ் பண்ணிருக்கீங்களா?

ஃப்ரீயா, தனியா வரைஞ்ச போல்ட் இட்டாலிக் இருக்கற ஃபான்ட் எது? நம்பரும் நல்லா இருக்கணும், ஜெர்சிலயும் அதே தான் போடணும். பத்திக்கு எல்லாம் வேணாம், நாலு வரிக்கு மேல போனா கண்ணு வலிக்குது.