வீட்டு மொழியை விடச் சொல்கிறார் டீச்சர், நான் என்ன செய்வது?

ராயக்கோட்டை அம்மா:
வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது. மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. "வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். நாளை காலை போய்ப் பதில் சொல்ல வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அரூர் அண்ணன்:
தங்கச்சி, முதல் குளிர்காலம் அப்படித்தான். 2009இல் பஸ்ஸுக்காகப் பனியில் நின்று எனக்குக் காது மரத்தேபோனது. முதலில் அவனுக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

பாலக்கோட்டுக்காரர்:
டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் ஆங்கிலத்துக்கு மாறினோம். நான்கே மாதத்தில் மகள் சரளமாகப் பேசினாள்.

ஊத்தங்கரை அக்கா:
பாட்டியிடம் பேசுகிறாளா? நாங்களும் மாறினோம். போன மாதம் அம்மா போனில் "களி தின்றாயா கண்ணு?" என்று கேட்டார். மகன் என் முகத்தைப் பார்த்தான். கேள்வியை ஆங்கிலத்தில் அவனுக்குச் சொன்னேன். பதிலைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

பாலக்கோட்டுக்காரர்:
ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? தர்மபுரியில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளே தமிழ் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

ஓசூர் ஆசிரியர்:
கேள்விக்கு வருவோம். எந்த நாடு? பையனுக்கு என்ன வயது? ஊரில் நன்றாகப் பேசினானா?

ராயக்கோட்டை அம்மா:
கனடா, ஒண்டாரியோ. ஆறு வயது. ஊரில் வாய் ஓயாது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ்.

ஓசூர் ஆசிரியர்:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா! தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டிலிருந்து என் முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு தமிழ் மடை திறந்துவிடும். புது மொழிக்குள் நுழையும் பிள்ளைக்கு அந்த மௌனம் இயல்பு. இதை ஆராய்ந்த டொரண்டோ பேராசிரியர் ஜிம் கம்மின்ஸின் கணக்குப்படி, விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு, பாடப் புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டு வேண்டும். வீட்டு மொழியில் ஊன்றிய அறிவு ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். மூன்று மாதத்தில் கலங்காதீர்கள்.

நாளை டீச்சரிடம், இரண்டு மொழியில் தடையில்லாமல் பேசிய பிள்ளை என்பதை முதலில் சொல்லுங்கள். ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கான தனி உதவியைக் கேளுங்கள். வீட்டில் கதையும் சண்டையும் தெலுங்கிலேயே நடக்கட்டும். ஒண்டாரியோவில் 23 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பள்ளி வாரியம் அந்த மொழிக்கு வகுப்பு நடத்த வேண்டும். தமிழுக்குக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்குங்கள்.

ஊத்தங்கரை அக்கா:
நாங்களும் ஒண்டாரியோதான். எங்கள் வாரியத்தில் நானே தொடங்குகிறேன். என் மகன் முதல் பெயர்.