ஜெர்மனி 1930–33 மண்டைல நிக்கவே மாட்டேங்குது, எப்படிப் படிக்கறது?

பரீட்சைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ஹிஸ்டரி எக்ஸாம், ஜெர்மனி 1918ல இருந்து 1934 வரைக்கும் போர்ஷன். முதல் பாதி பரவால்ல, கைசர் ஓடினது, வெர்சாய் ஒப்பந்தம், 1923 பணவீக்கம், ஸ்ட்ரெஸ்மான் வந்து நிலைமைய தூக்கி நிறுத்தினது எல்லாம் கதை மாதிரி ஞாபகம் இருக்கு. 1930க்கு அப்புறம்தான் பிரச்சனை. ப்ரூனிங், பாப்பென், ஷ்லைஷர்னு வரிசையா சான்சலருங்க (நம்ம ஊர் பிரதமர் மாதிரி), 1932ல மட்டும் ரெண்டு பார்லிமென்ட் தேர்தல், அதே வருஷம் ஜனாதிபதி தேர்தல் வேற, எது முதல்ல எது அப்புறம்னு எல்லாம் குழம்பிடுது. இதுல "வைமர் குடியரசு (கைசர் போனப்புறம் வந்த ஜெர்மன் ஜனநாயக ஆட்சி) ஏன் வீழ்ந்தது"னு பெரிய கேள்வி கண்டிப்பா வரும்னு சொல்றாங்க. ரிவிஷன் டெஸ்ட்ல அதுக்கு வெர்சாய், பணவீக்கம், வேலையில்லாத் திண்டாட்டம், ஹிட்லரோட பேச்சுன்னு நாலு காரணமும் எழுதினேன், "காரணங்கள் இருக்கு, விளக்கம் இல்ல"ன்னு பாதி மார்க்தான் வந்துச்சு. விளக்கம்னா என்னதான் எதிர்பார்க்கறாங்க?

வரலாறுடீச்சர்:
தேதிய மனப்பாடம் பண்றத கொஞ்சம் ஓரமா வைம்மா. ஒவ்வொரு சான்சலர் பேரையும் எழுதி பக்கத்துல ஒரே ஒரு கேள்வி கேளு: பார்லிமென்ட்ல இவருக்கு மெஜாரிட்டி இருந்துச்சா, இல்லேன்னா யார் தயவுல ஆட்சி நடத்தினார்? இதப் பிடிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வரிசைல வந்து நிக்கும்.

ப்ரூனிங்குக்கு முன்னாடி சான்சலரா இருந்த முல்லருக்கு மெஜாரிட்டி இருந்துச்சு, கூட்டணி ஆட்சி. வேலையில்லாதவங்களுக்கான காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டறதுங்கற சண்டைல 1930 மார்ச்ல அது உடைஞ்சுது. அடுத்து வந்த ப்ரூனிங்குக்கு மெஜாரிட்டி கிடையாது. அவரோட நிதித் திட்டத்த சபை ஏத்துக்கல, உடனே ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அரசியலமைப்போட 48வது பிரிவ (நெருக்கடில பார்லிமென்ட்டுக்குப் போகாம ஜனாதிபதி அவசரச் சட்டம் போடற அதிகாரம்) வெச்சு அத அவசரச் சட்டமா கொண்டு வந்தார், அதையும் சபை ரத்து பண்ணுச்சு, அதனால சபையவே கலைச்சுட்டாங்க. அந்தக் கலைப்பாலதான் செப்டம்பர் 1930 தேர்தல் வந்துச்சு, நாஜி கட்சி 12 சீட்டுலேர்ந்து 107க்கு ஏறினது அதுலதான். அப்புறமும் ப்ரூனிங் ஓட்டினார்னா, சமூக ஜனநாயகக் கட்சிக்காரங்க இவர் போனா இன்னும் மோசமானவங்க வந்துடுவாங்கங்கற பயத்துல கவிழ்க்காம விட்டதாலதான்.

பாப்பெனுக்கு அந்த ஆதரவுகூட இல்ல. 1932 செப்டம்பர் 12 காட்சிய மட்டும் நல்லா படிச்சு வெச்சுக்கோ, ஒரு தடவ படிச்சா மறக்காது. சபையக் கலைக்கற உத்தரவ கைல வெச்சுக்கிட்டு பாப்பென் பேச எழுந்திருக்கார், சபாநாயகர் நாற்காலில உக்காந்திருந்த நாஜி கட்சிக்காரர் கோரிங் அந்தப் பக்கமே திரும்பாம நம்பிக்கையில்லா ஓட்டெடுப்ப நடத்தறார், பாப்பென் உத்தரவக் கொண்டுபோய் மேஜை மேல வெச்சுட்டு வெளியேறிட்டார். ரிசல்ட் என்ன தெரியுமா? அவருக்கு எதிரா 512, ஆதரவா 42! ஒரு நாட்ட ஆள்ற ஆளுக்கு சபைல அவ்வளவுதான் பலம். இத எழுதினா மெஜாரிட்டியே இல்லாம ஆட்சி நடந்துச்சுங்கறதுக்கு வேற ஆதாரமே வேண்டாம்.

ஷ்லைஷர் நாஜி கட்சிய உடைச்சு ஒரு பகுதிய தன் பக்கம் இழுக்கப் பார்த்தார், நடக்கல, ரெண்டு மாசத்துல போயிட்டார்.

கடைசிபெஞ்ச்:
டீச்சர் சொன்னது ஆள் வரிசைக்கு சரி. காரணம், விளக்கம் வித்தியாசத்துக்கு நான் சொல்றேன். உங்க லிஸ்ட்டுல பணவீக்கம் இருக்குல்ல, அதையே எடுத்துக்கோங்க. 1923 நவம்பர்ல ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க், ஜெர்மனியோட தொழில் பகுதியான ரூர் பிரெஞ்சு, பெல்ஜியப் படைங்க கைல, ம்யூனிக்ல ஹிட்லரோட புட்ச் (ஆட்சியக் கவிழ்க்கற முயற்சி), இவ்வளவையும் தாண்டி குடியரசு பிழைச்சுது. 1928 தேர்தல்ல நாஜிகளுக்கு 2.6 சதவீதம்தான். அப்போ பணவீக்கத்தால ஹிட்லர் வந்தார்னு நேரா எழுதினா இந்த அஞ்சு வருஷத்துக்கு யார் பதில் சொல்றது? 1923ல பிழைச்சது 1930ல ஏன் பிழைக்கலங்கறதுதான் நிஜமான கேள்வி, அதுக்கு பதில் எழுதினா அதுதான் விளக்கம்.

என் பதில் இதுதான், 1923ல ஜனாதிபதியா இருந்த எபர்ட் அதே 48வது பிரிவ குடியரசக் காப்பாத்த உபயோகிச்சார், ஹிண்டன்பர்க் பார்லிமென்ட்ட சுத்திக்கிட்டுப் போக உபயோகிச்சார், சட்டம் ஒண்ணுதான், வெச்சிருந்த கைதான் வேற. கூடவே ப்ரூனிங் சம்பளத்தக் குறைச்சு வரிய ஏத்தி செலவ வெட்டினதையும் எழுதுங்க, 1932 ஆரம்பத்துல வேலையில்லாதவங்க 60 லட்சம் பேர், இத சும்மா ஒரு நம்பரா விடாம அவங்க ஓட்டு, அவங்க வீட்டுல இருந்த பயம் எங்க போச்சுன்னு தொடர்புபடுத்துங்க. முக்கியமா கம்யூனிஸ்ட்களும் அதே நேரத்துல வளர்ந்தாங்க, அத நிறைய பேர் விட்டுடறாங்க.

தென்றல்:
எல்லாத்தையும் ஹிண்டன்பர்க் தலைல கட்டிடாதீங்க, இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. ஜூலை 1932ல 37 சதவீதம் பேர் தெரிஞ்சேதான் நாஜிகளுக்கு ஓட்டுப் போட்டாங்க, 230 சீட்டு. கம்யூனிஸ்ட்களோட 89ஐ சேர்த்தா 608ல பாதிக்கு மேல, அதாவது குடியரசே வேண்டாம்னு சொன்ன ரெண்டு கட்சி சேர்ந்து மெஜாரிட்டி, அப்புறம் மத்தவங்க எப்படி கூட்டணி அமைப்பாங்க? ஜனங்க பங்கையும் எழுதணும்.

வரலாறுடீச்சர்:
சரியாச் சொன்னீங்க, ஆனா நவம்பர் 1932ஐ விட்டுட்டீங்களே. அதுல நாஜிகளுக்கு 20 லட்சம் ஓட்டு குறைஞ்சு 196 சீட்டுக்கு இறங்கிட்டாங்க. தனி மெஜாரிட்டி எப்பவும் கிடைக்காத, அதுவும் இறங்குமுகத்துல இருந்த ஒருத்தர 1933 ஜனவரி 30 அன்னிக்கு சான்சலரா கூப்பிட்டு உக்கார வெச்சது பாப்பெனும் ஹிண்டன்பர்கைச் சுத்தி இருந்தவங்களும்தான். மந்திரிசபைல ஹிட்லரோட சேர்த்து மூணு நாஜிங்க மட்டும்தானே, நம்ம பிடில வெச்சுக்கலாம்னு நினைச்சாங்க. ஓட்டு அவர வாசல் வரைக்கும் கொண்டு வந்துச்சு, கதவத் திறந்தது இவங்க. ரெண்டையும் எழுதினாத்தான் பதில் முழுசாகும்.

பரீட்சைக்காரி:
அய்யோ ரொம்ப நன்றி டீச்சர், எல்லாருக்கும் நன்றி, இப்பதான் வெளிச்சமாச்சு! இன்னும் ஒண்ணு, பார்லிமென்ட் இல்லாமலே ஹிட்லர் அரசு சட்டம் போடலாம்னு சொன்ன அதிகாரமளிப்புச் சட்டம் மார்ச் 1933ல சபைல ஓட்டுப் போட்டுத்தானே வந்துச்சு, அப்போ அத சட்டப்படி நடந்ததுன்னு எழுதலாமா?

வரலாறுடீச்சர்:
அப்படி மொட்டையா எழுதாதே. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், 444க்கு 94ன்னு ஜெயிச்சாங்க, கணக்கு உண்மைதான். ஆனா கம்யூனிஸ்ட் உறுப்பினர் 81 பேர்ல ஒருத்தரும் அன்னிக்கு உள்ள இல்ல, ஒண்ணு ஜெயில்ல இல்ல தலைமறைவு. பிப்ரவரி 27 ரைஷ்டாக் (பார்லிமென்ட் கட்டிடம்) தீ விபத்துக்கு மறுநாளே வந்த அவசரச் சட்டம்தான் அதுக்கு வழி பண்ணுச்சு. கூட்டம் நடந்த க்ரோல் ஓபரா கட்டிடத்துக்குள்ள நாஜி கட்சியோட அடியாள் படையான எஸ்.ஏ. ஆட்கள் நின்னுட்டு இருந்தாங்க. அந்த நிலைமைலயும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார், அந்த 94ம் அவர் கட்சியோடது, கத்தோலிக்கர்களோட சென்டர் கட்சி ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு. சட்டத்தோட வடிவம் இருந்துச்சு, சுதந்திரமான ஓட்டு இல்லன்னு எழுது.

கடைசிபெஞ்ச்:
கவனிச்சீங்களா, அந்தத் தீ விபத்து அவசரச் சட்டமும் 48வது பிரிவுலதான். 1930ல ப்ரூனிங்குக்காக ஆரம்பிச்ச அதே நூல். பதில அங்க ஆரம்பிச்சு இங்க கொண்டு வந்து முடிங்க. இன்னிக்கு ராத்திரி புக்க மூடி வெச்சுட்டு முல்லர்லேர்ந்து ஹிட்லர் வரைக்கும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்க, எங்க பேனா நிக்குதோ அந்த இடத்த மட்டும் திரும்பப் படிச்சா போதும்.