"ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்ட நீர்க்கடுப்பு

கடலூர் முதுநகரிலிருந்து:
தினமும் காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போதே அடிவயிற்றில் ஊசி குத்த ஆரம்பிக்கும். தவளக்குப்பம் வருவதற்குள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இறங்கிப் போய்விட்டு வந்தால் வலி அடங்கும். அப்புறம் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. இளநீர், மோர், வெந்தயம் எல்லாம் ஆயிற்று. மூன்று முறை யூரின் கல்ச்சர் பார்த்தும் கிருமி இல்லை. "ஒன்றும் இல்லையேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அழுதேன். வேறு யாருக்காவது இப்படி உண்டா?

லாஸ்பேட்டையிலிருந்து:
அக்கா, நான் நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியல் பாடம் எடுக்கிறேன். உங்கள் வலி கற்பனை இல்லை. சிறுநீர்ப்பை நிரம்பி இழுபடும்போது அதன் உட்சுவர் செல்கள் ஏடிபியை வெளியே விடும். உடம்புக்குச் சக்தி தருவது என்று பள்ளியில் படித்தோமே, அதே ஏடிபிதான். அந்தச் சுவரை ஒட்டியே நரம்பு நுனிகள் இருக்கின்றன. அவற்றில் பி2எக்ஸ்3 என்றொரு ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் வாசல் போன்ற புரதம். ஏடிபி போய் ஒட்டியதும் அது திறந்துகொள்ளும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், தகவல் தண்டுவடத்துக்குக் கிளம்பிவிடும். ஏடிபி நரம்புச் செய்தியும் சுமக்கும் என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்ற ஆய்வாளர் 1972இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. 2000இல் இந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளைச் சோதித்தார்கள். பை வழக்கத்தைவிட அதிகம் நிரம்பிய பிறகுதான் அவை சிறுநீர் கழித்தன.

உங்களுக்கு இருப்பது போன்ற நாள்பட்ட பை வலிக்காரர்களின் செல்களை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால், மற்றவர்களுடையதைவிட அதிக ஏடிபி வெளிவருகிறது. கல்ச்சர் கிருமியைத்தான் தேடும், இது அதில் எப்படித் தெரியும்? யூராலஜி டாக்டரைப் பாருங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு போங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
எனக்குக் கல்லடைப்பு. சித்திரை வெயிலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது விலாவில் பிடித்தது, தொடை இடுக்கு வரை இறங்கியது. வரப்பிலேயே உருண்டேன். டைக்ளோஃபினாக் ஊசி போட்டு அரை மணியில் மூச்சு வந்தது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நரம்பை உசுப்பிவிடுமாம், ஊசி அது சுரப்பதைக் குறைக்கும் என்று சிஸ்டர் சொன்னார். கல் அப்படியேதான் இருந்தது, வலி மட்டும் போனது. அது எப்படி என்று இப்போதுதான் விளங்குகிறது.

முதுநகரிலிருந்து:
நன்றி தம்பி. நோட்டும் அளவுக் குவளையும் வாங்கிவிட்டேன். இன்று காலை 5:40க்கு 90 மில்லி, 6:35க்கு 70.